சட்டத்துக்குப் பின் எழுந்த ஊர்

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது மாதாப்பூர் ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில் பாறையும் புதருமாகக் கிடந்த ஊர். துர்கம் செருவு என்ற ஏரி இருந்தது. சில்பாராமம் என்ற கைவினைக் கிராமம் சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருந்தது. பிரதமர் வாஜ்பாய் வந்து சைபர் டவர்ஸ் என்ற மென்பொருள் வளாகத்தைத் திறந்தது 1998 நவம்பரில். அப்படியானால் இன்று ஹைடெக் சிட்டி என்று அழைக்கப்படும் பகுதி ஏறத்தாழ முழுவதுமே அந்தச் சட்டத்துக்குப் பின் கட்டப்பட்டது. சார்மினாரைச் சுற்றியுள்ள சந்துகளுக்கு நானூறு வயது; அங்கே சாய்தளம் இல்லையென்றால் காரணம் சொல்லலாம். மாதாப்பூருக்கு அப்படி ஒரு காரணம் கிடையாது.

மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி ஜாவேத் அபிதியும் தோழர்களும் டெல்லித் தெருவில் இறங்கிப் போராடிப் பெற்ற சட்டம் அது. நடைபாதை விளிம்புகளில் சரிவு, சிக்னலில் ஒலி, பொதுக் கட்டடங்களில் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எல்லாவற்றையும் அது பெயர் சொல்லிக் கேட்டது. ஆனால் 44, 45, 46 ஆகிய மூன்று பிரிவுகளிலும் ‘பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு’ என்ற வாசகம் சேர்ந்துவிட்டது. ஆந்திரத்திலேயே பணம் அதிகம் புரண்ட இடத்தில், சாலை போட்டவர்களுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

நான் கும்பகோணத்துக்காரி. ஒன்றரை வயதில் போலியோ வந்து இடது கால் போனது. காலிப்பர் போட்டு, கையில் கட்டை ஊன்றி நடப்பேன். 2005இல் அமீர்பேட்டையில் டெஸ்டிங் கோர்ஸ் படித்துவிட்டு மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஆபீசுக்குள் எனக்கு ஒரு குறையும் இல்லை. லிஃப்ட் இருந்தது, தரை வழுக்கவில்லை, டீம் லீட் என் காலைப் பார்க்காமல் என் வேலையைப் பார்த்தார். அய்யப்பா சொசைட்டியில் இருந்த ஹாஸ்டலிலிருந்து அந்த வாசலுக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. முக்கால் அடி உயர நடைபாதையில் ஏறினால் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும்; இறங்கினால் பைக்குகள் உரசிக்கொண்டு போகும்; மழை பெய்தால் சாக்கடைப் பலகை எது, பள்ளம் எது என்று தெரியாது. பஸ்ஸின் முதல் படியில் காலிப்பரை ஏற்றி வைப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். ஆகவே தினமும் ஆட்டோ. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு அதற்கே போனது. “சம்பாதிக்கிறதைச் சக்கரத்துக்கே குடுக்கிறியேடி” என்று அம்மா போனில் வருத்தப்படுவாள்.

அதே காலத்தில் எங்களுக்கென்று அரசு பெரும் பணம் ஒதுக்கவும் செய்தது. 2007-08 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் ஒரு திட்டம் அறிவித்தார். மாதம் 25,000 ரூபாய் வரையான சம்பளத்தில் மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுக்கும் தனியார் முதலாளிக்கு, முதல் மூன்று ஆண்டுகள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை மத்திய அரசே கட்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வேலைகள் இலக்கு. மதிப்பீடு 1,800 கோடி ரூபாய். 2008 ஏப்ரலில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டாயமாக பி.எஃப். கட்ட வேண்டிய பொதுவான சம்பள வரம்பு அன்று 6,500 ரூபாய். அதில் 12 சதவீதம் 780 ரூபாய். ஆக, அந்த வரம்பின்படி பார்த்தால், என்னைப் போன்ற ஒருவரைப் புதிதாக வேலைக்கு எடுத்தால் பி.எஃப். கணக்கில் முதலாளிக்கு மிச்சம் மாதம் 780 ரூபாய். அதற்காக எந்தக் கம்பெனி கழிப்பறைக் கதவை இடித்து அகலப்படுத்தும்? திட்டத்தைத் தேடி வந்த முதலாளிகள் மிகச் சிலர். இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை.

அந்த 780 ரூபாயை என் கையில் கொடுத்திருந்தால் பாதி மாத ஆட்டோச் செலவு தீர்ந்திருக்கும். பிரிட்டனில் 1994 முதலே ‘ஆக்சஸ் டு வொர்க்’ என்ற திட்டம் இருக்கிறது. பஸ்ஸிலோ ரயிலிலோ போக முடியாத ஊழியருக்கு வேலைக்குப் போய்வரும் டாக்ஸிச் செலவையும், தேவையான கருவியையும், உதவியாளரின் கூலியையும் அந்தத் திட்டம் ஏற்கிறது. நம் திட்டத்தை வகுத்தவர்கள் முதலாளி மனம் வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு வேலை கொடுத்தவரின் மனம் நன்றாகத்தான் இருந்தது. தெருதான் சரியில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் ஓய்வூதியத்தின் கதை வேறு. பிரிக்கப்படாத ஆந்திரத்தில் ‘சதரெம்’ என்ற மென்பொருள் வந்தது. முகாமில் டாக்டர்கள் பரிசோதித்து விவரத்தைப் பதிவார்கள், கணினி சதவீதத்தை அச்சிட்டுத் தரும். 40 சதவீதம் இருந்தால் மாதம் 500 ரூபாய். சான்றிதழ்த் தரகர்களின் கொட்டத்தை அது அடக்கியது. அதை நான் மறுக்க மாட்டேன். தெலங்கானா பிறந்ததும் 2014 நவம்பரில் ‘ஆசரா’ ஓய்வூதியம் 1,500 ரூபாயாகத் தொடங்கியது. 2019இல் 3,016, 2023இல் 4,016 ஆனது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமோ 300 ரூபாய்தான்; அதுவும் 80 சதவீதம் இருந்தால், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால். ஓய்வூதியத்தால் உலை கொதிக்கும் வீடுகளை நான் அறிவேன், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் வேலை கிடைத்துக் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டினால் தகுதி போய்விடும். ஆட்டோச் செலவு தொடங்குவதும் அந்த நாளில்தான். டாக்டர் என் காலை அளந்தார். ஹாஸ்டலுக்கும் ஆபீசுக்கும் நடுவில் எத்தனை படி என்று அளக்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பார்வையற்ற நண்பர்களுக்கு நிலைமை கொஞ்சம் மாறியது, அதற்குக் காரணமும் அரசின் மானியம் இல்லை. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை விலைக்கு வாங்க அன்று கணினியின் விலையைவிட அதிகம் ஆகும். 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளை எழுதத் தொடங்கினார். பல பேருக்கு வேலைக் கதவைத் திறந்தது அதுதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பழைய வாசகங்களில் பலவற்றைத் திருத்தியது. ஏழு வகை ஊனம் இருபத்தொன்றானது. புதிய சட்டத்தின் 44ஆம் பிரிவு, விதிகளின்படி அணுக முடியாத கட்டடத்துக்கு வரைபட அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ தரக்கூடாது என்கிறது. ஆனால் 2017இல் வந்த விதிகளில் அணுகல் பற்றிய 15ஆவது விதி பரிந்துரை நடையிலேயே எழுதப்பட்டிருந்தது. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005இல் தொடுத்த வழக்கில், ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்தை நாட்டின் நிலையை ஆராயச் சொன்னது உச்ச நீதிமன்றம். அந்த அறிக்கையைப் படித்தபின், 2024 நவம்பர் 8 அன்று, கட்டாயம் என்று சட்டம் சொன்னதை விதி வெறும் பரிந்துரையாக்க முடியாது என்று கூறி 15(1) விதியைச் செல்லாததாக்கியது. கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. நம் ஊர்ப் பல்கலைக்கழகம் எழுதிய அறிக்கை நாடு முழுவதற்கும் பயன்பட்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

2019 மார்ச்சில் மாதாப்பூருக்கு மெட்ரோ வந்தது. லிஃப்டில் ஏறி, தரையில் தடவித் தெரியும் ஓடுகளின் ஓரமாக நடந்து, பெட்டிக்குள் சமதளமாக நுழைகிறேன். முதலிலேயே திட்டமிட்டால் எவ்வளவு இயல்பாக வந்துவிடுகிறது! லிஃப்ட் கீழே இறங்கியபின் தொடங்கும் தெருவுக்கு இனிமேல்தான் பணம் போக வேண்டும். ஓய்வூதியம் அப்படியே இருக்கட்டும். வேலைக்குப் போகிறவர் கையில் பயணப்படி சேரட்டும். முதலாளிக்கு ஒதுக்கிச் செலவாகாத பணம் நடைபாதைக்குப் போகட்டும் என்பதே என் கோரிக்கை.

மாதாப்பூரில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். 2016 சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி உங்கள் கம்பெனி சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்க வேண்டும். அதைக் கம்பெனியின் இணையதளத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் எச்.ஆருக்கு எழுதிக் கேளுங்கள். கிடைத்தால், வீட்டிலிருந்து ஆபீசுக்கு வரும் வழியைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.