துணையை இழந்த புலி

பிசாசு வேட்டைக்காரர் கதைக்கு வெளிநாடு போக வேண்டாம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) 1954-ல் வெளியிட்ட முதல் புத்தகத்தில் அன்றைய சேலம் மாவட்டக் காடுகள் வருகின்றன. நம்ம பொம்மிடியும் அப்போது அதே மாவட்டம்தான்!

கும்மளாபுரத்தில் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பிசாசு என்றே மக்கள் நம்பினார்கள். ஜவளகிரியில் நடந்தது வேறு. அங்கே ஆண்புலியைச் சுட்டுவிட்டார்கள். துணையைத் தேடிக் கூப்பிட்டுத் திரிந்த பெண்புலி, பிறகு குண்டடிபட்டு ஆட்கொல்லியானது. கடைசியில் ஆண்புலி போலக் குரல் கொடுத்து வரவழைத்துத்தான் ஆண்டர்சன் அதைக் கொன்றார். அந்த ஏமாற்று தன்னை உறுத்தியதையும் எழுதிவிட்டார்.

அவர் மகன் டொனால்டும் வேட்டைக்காரரே. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தக் காலம் முடிந்தது.

ஊரின் பயமும் பொய்யில்லை, புலியின் துக்கமும் பொய்யில்லை. இரண்டையும் எழுதியதால்தான் அந்தப் பக்கங்கள் இன்னும் நிற்கின்றன.