ஆட்டின் வயதைச் சொன்ன சொற்கள்

ஒரு மொழியின் வளத்தை அதன் காவியங்களிலே தேடுவது இலக்கிய மாணவரின் வழக்கம். ஸ்கொட்லாந்தின் தென்பகுதி மேட்டுநிலங்களில் வழங்கிய ஸ்கொட்ஸ் மொழியின் நுட்பத்தை அறிய விரும்புவோர் ஆட்டுப்பட்டிக்குள்ளும் நுழைந்து பார்த்தல் வேண்டும்.

அங்கே செம்மறியின் வயதை மாதக் கணக்கில் சொல்லவில்லை. உரோமம் கத்தரித்த தடவைகளைக் கொண்டே சொன்னார்கள். வசந்தத்தில் பிறந்த குட்டி பால்குடி மறந்ததும் ‘ஹொக்’ ஆயிற்று. அடுத்த கோடையில் முதன்முறை உரோமம் கத்தரிக்கும் வரை அதற்கு அதுவே பெயர். அதன்பின் பெண்ணாயின் ‘கிம்மர்’. நலமடித்த ஆணாயின் ‘டின்மொன்ட்’. இரண்டாம் முறை கத்தரித்த பின்னரே அவை முறையே ‘யோ’, ‘வெதர்’ என்னும் முதிர்ந்த பெயர்களைப் பெற்றன. ‘கிம்மர்’ என்பது பழைய நோர்ஸ் மொழி தந்த சொல்லாகும்.

இப்பாகுபாடு வெறும் சொல்லழகன்று. ‘ஹொக்’ என்றால், இன்னும் ஓர் இறாத்தல் உரோமமேனும் தராத, முதற் பனிக்காலத்தைக் கடக்கவேண்டிய ஆடு என்று பொருள். குளிருக்கும் பூச்சிக்கும் காப்பாகத் தாரும் வெண்ணெயும் கலந்து ஆடுகளின் தோலிற் பூசினர். ஹொக்குகளைத் தாழ்நிலப் பண்ணைகளுக்கு அனுப்பிப் பனிக்காலத்தைக் கழிப்பித்தலும் உண்டு. ‘பிரக்ஸி’ என்னும் நோய் பெரும்பாலும் இவற்றையே கொன்றது.

அந்நோய் முதலியவற்றைப் பற்றி 1807இல் ‘இடையர் வழிகாட்டி’ என்னும் நூலை வெளியிட்டவர் எற்றிக் பள்ளத்தாக்கின் இடையரான ஜேம்ஸ் ஹொக் (1770 - 1835). சில மாதங்களே பள்ளி சென்ற இவர் பின்னாளில் கவிஞராகவும் நாவலாசிரியராகவும் புகழ்பெற்றார். அவருடைய குடும்பப் பெயரும் இளஞ்செம்மறியின் பெயரும் ஒன்றாயிருத்தல் சுவையான பொருத்தமே.

இச்சொற்களிற் பணமும் தங்கியிருந்தது. மலைச்சாரலிற் பிறந்த பெண்ணாடு தாயைப் பின்தொடர்ந்து தன் மேய்ச்சல் எல்லையைப் பழகிக்கொள்ளும், வேலி வேண்டியதில்லை. ஆதலால் குத்தகைக்காரர் வெளியேறும்போது மந்தை மலையிலேயே நிற்கும். புதியவர் அதன் விலையைக் கொடுப்பார். நடுவர்கள் யோ, கிம்மர், ஹொக் என வகைபிரித்தே மதிப்பிட்டனர். 1937இல் இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஒரு சொல்லின் பிழை ஒரு குடும்பத்தின் நட்டமாகலாம்.

இச்சொற்களுக்குத் துயரமான பயணமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வடக்கு மலைநாட்டு நிலவுடைமையாளர் செவியற் இனச் செம்மறிகளைக் கொண்டுவந்தனர். 1792இல் றொஸ் பிரதேச மக்கள் திரண்டு அவ்வாடுகளைத் துரத்த முயன்று தோற்றனர். 1814இலும் 1819இலும் ஸ்றத்நேவர் பள்ளத்தாக்கின் குடிகள் வெளியேற்றப்பட்டனர். கேலிக் மொழி ஒலித்த மலைகளில், தெற்கிலிருந்து வந்த இடையரோடு இச்சொற்களும் ஏறின. ஓரிடத்தில் வாழ்வைச் சுட்டிய சொற்கள், மற்றோரிடத்தில் குடிபெயர்த்தலின் சொற்களாயின.

நலமடித்த ஆடுகளை ஆண்டுக்கணக்கில் வளர்க்கும் வழக்கம் அருகவே, ‘டின்மொன்ட்’ தொழிலிலிருந்து மெல்ல மறைந்தது. எனினும் வோல்ட்டர் ஸ்கொட் 1815இல் வெளியிட்ட ‘கை மனெரிங்’ நாவலில், ஓர் எல்லைப்புற விவசாயிக்கு டன்டி டின்மொன்ட் எனப் பெயரிட்டிருந்தார். அப்பாத்திரம் வளர்த்த சிறிய நாயினம் பின்னர் அவர் பெயரையே பெற்றது. ஹொக்கும் கிம்மரும் ஸ்கொட்லாந்தின் ஏலச் சந்தைகளில் இன்றும் ஒலிக்கின்றன. அவற்றுக்கு வேலை இருக்கிறது. வேலையிழந்த டின்மொன்ட்டோ ஒரு நாயின் பெயரில் வாழ்கிறது. அகராதி சொல்லைப் பாதுகாக்கும். தொழிலே அதற்கு உயிர் கொடுக்கும்.