அத்தை, அக்கா பொண்ணு, அப்புறம் வாலிபால்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு நெய்வேலியிலிருந்து அக்கா போன். அந்த நேரத்துல அக்கா கூப்பிட்டா ஒண்ணு அம்மாவுக்கு பிரஷர் ஏறியிருக்கும், இல்லேன்னா அவங்க வீட்டு லேப்டாப் ஹேங் ஆகியிருக்கும் (இன்ஜினியரிங் படிச்சவன் தலையெழுத்து). அன்னிக்கு ரெண்டும் இல்ல.

"டேய், பாப்பா வாலிபால்ல சேரணுங்கறா. பொண்ணுங்களுக்குன்னு தனியா டீம் எடுக்கறாங்களாம். காலைல அஞ்சரைக்கெல்லாம் கிரவுண்டுல நிக்கணும். ஃபார்ம்ல பெத்தவங்க கையெழுத்து கேக்கறாங்க. போடலாமா, வேணாமா?"

"போடுக்கா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"உனக்கென்ன, சோழிங்கநல்லூர்ல ஏசில உக்காந்துக்கிட்டு சொல்லுவ. அத்தை கதை மறந்துபோச்சா?"

மறக்கல. அத்தை கதைக்கு அப்புறம் வர்றேன். போனை வெச்சதுக்கப்புறம் தூக்கம் வரல. இந்த விளையாட்டு எங்க கிளம்பி எப்படி எங்க ஊர் வரைக்கும் வந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். மணி ரெண்டு ஆயிடுச்சு. அதுல பாதிதான் இந்தப் பதிவு.

வாலிபாலைக் கண்டுபிடிச்சது இளவட்டங்களுக்காக இல்லங்க. 1895ல அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஹோலியோக் என்ற ஊர்ல, ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கிட்டிருந்தவர் வில்லியம் மார்கன். நாலு வருஷம் முன்னாடி, 1891ல, பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டுல நைஸ்மித் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடிச்சிருந்தார். அதுல ஓடி, மோதி, மூச்சு வாங்கின நடுத்தர வயசு வியாபாரிகளுக்காக, யாரும் யார் மேலயும் இடிக்காத மாதிரி மார்கன் யோசிச்சதுதான் இது. நடுவுல ஒரு வலை, அவ்வளவுதான். வெச்ச பேரு மின்டோனெட். நல்லவேளை, அடுத்த வருஷமே வாலிபால்னு மாத்திட்டாங்க. தொந்தி வெச்ச அங்கிள்களுக்கான விளையாட்டுதான் இன்னிக்கு ஆறடி ஆளுங்க பறந்து பறந்து அடிக்கற விளையாட்டா மாறியிருக்கு.

நம்ம ஊருக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாத்தான் வந்துச்சு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ல சென்னையில உடற்கல்விக் கல்லூரி ஆரம்பிச்சார். நந்தனத்துல இப்பவும் இருக்கே, அதேதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிட்டுப் போனவரும் இந்த பக்தான். அங்க படிச்சவங்க ஊர் ஊரா பி.டி. மாஸ்டரா போனாங்க. ஸ்கூல்ல ரெண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. பதினெட்டு மீட்டருக்கு ஒன்பது மீட்டர் இடம் போதும், மண் தரையே போதும். கிரிக்கெட்டுக்கு பேட், பேட், கிளவுஸ்னு (முதல் பேட் கையில, ரெண்டாவது பேட் கால்ல) செலவழிக்க முடியாத ஸ்கூல்களுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

பேர்ல மட்டும் இன்னமும் குழப்பம் தீரல. கைப்பந்துன்னு சொன்னா சிலர் வாலிபால்னு நினைக்கறாங்க, சிலர் ஹேண்ட்பால்னு நினைக்கறாங்க. அதனாலதான் கையுந்து பந்துன்னு ஒண்ணு உண்டாக்கினாங்க. எங்க ஊர்ல எல்லாருக்கும் அது வாலிபால்தான்.

ஊரைப் பத்தியும் கொஞ்சம் சொல்லிடறேன். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல தண்ணிக்காகத் துளை போட்டப்போ கறுப்பா ஏதோ வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர்ல நிறுவனம் பதிவாச்சு, 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார், 1961ல கரி கண்ணுல பட்டுச்சு, 1962ல முதல் மின் யூனிட் ஓடுச்சு. மண்ணு வெட்டற ராட்சச மிஷின்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்தும், அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடயும் வந்தது. பல கிராமங்களைக் காலி பண்ணித்தான் இதெல்லாம் வந்துச்சுங்கறதையும் சொல்லணும். அந்தக் கணக்கு இன்னும் முடியல. 2023 ஜூலைல வளையமாதேவியில நெல்லு வயலுக்குள்ள மிஷின் இறங்கினதை டிவியில பார்த்திருப்பீங்க.

எங்க டர்பைனைக் கொடுத்த சோவியத் நாடுதான் அப்போ பெண்கள் வாலிபால்ல உலகத்துக்கே ராணி. பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப் 1952ல மாஸ்கோவில் நடந்துச்சு, அவங்கதான் ஜெயிச்சாங்க. 1956லயும் 1960லயும் அவங்களேதான். இந்த ராணிகளை 1962ல தோற்கடிச்சது யார் தெரியுமா? ஜப்பான்ல ஒரு நூல் மில்லுல வேலை பார்த்த பொண்ணுங்க!

ஒசாகா பக்கம் கைசுகாங்கற ஊர்ல நிச்சிபோ மில். அதோட டீமுக்கு கோச் ஹிரோபுமி டைமாட்சு. அவருக்குப் பட்டப்பேரே 'பேய்'. பகல்ல மில் வேலை, சாயங்காலத்துலேர்ந்து நள்ளிரவு வரைக்கும் பயிற்சி, சில நாள் அதையும் தாண்டி. பந்தை எடுக்க விழுந்து, உருண்டு, அப்படியே எழுந்து நிக்கற டெக்னிக் அவர் பழக்கினதுதான். 1961ல ஐரோப்பாவுல சுத்தி வரிசையா ஜெயிச்சப்போ சோவியத் பத்திரிகைக்காரங்க வெச்ச பேருதான் 'கீழ்த்திசை சூனியக்காரிகள்'. 1964ல டோக்கியோ ஒலிம்பிக்ல முதல் தடவையா வாலிபால் சேர்த்தாங்க, ஆண், பெண் ரெண்டு பேருக்கும். அக்டோபர் 23ஆம் தேதி ஜப்பான் பொண்ணுங்க சோவியத்தை 3-0ன்னு கவுத்தாங்க. டோக்கியோ வட்டாரத்துல அன்னிக்கு அந்த ஆட்டத்தை டிவியில பார்த்தவங்க 66.8 சதவீதம்!

ஆனா எனக்குத் தூக்கம் போனது இந்த ஸ்கோரால இல்ல. 1962 உலக சாம்பியன்ஷிப் ஜெயிச்சதோட விளையாட்டை விட்டுட்டு, கல்யாணம் பண்ணிக்கலாம்னுதான் அந்தப் பொண்ணுங்களே நினைச்சிருந்தாங்க. ஊரே சேர்ந்து "டோக்கியோ வரைக்கும் ஆடுங்க"ன்னு பிடிச்சு வெச்சது. தங்கம் வாங்கினப்போ கேப்டன் மசாயே கசாய்க்கு முப்பது தாண்டியிருச்சு. பயிற்சியே வாழ்க்கையாப் போனதுல மாப்பிள்ளை பார்க்க நேரமில்லன்னு அவங்க பிரதமர் சாட்டோகிட்டயே சொல்ல, அவர் ஒரு ராணுவ அதிகாரியை அறிமுகப்படுத்தி வெச்சார். அடுத்த வருஷமே கல்யாணம். ஒரு நாட்டோட பிரதமர் கல்யாணத் தரகர் வேலை பார்த்திருக்காரு மக்களே! ஆடுனு பிடிச்சு வெச்சதும் ஊர்தான், இன்னும் கல்யாணம் ஆகலியான்னு கேட்டதும் ஊர்தான்.

இப்ப அத்தை கதை.

1981. அத்தைக்கு பதினஞ்சு வயசு. நெய்வேலி குவார்ட்டர்ஸ்லதான் வளர்ந்தாங்க, தாத்தா மைன்ஸ்ல ஆபரேட்டர். ஸ்கூல் டீம்ல அத்தைதான் செட்டர். அதாவது, அடிக்கற ஆளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கற வேலை. கைத்தட்டல் பூரா அடிக்கறவளுக்கு, மூளை செட்டருக்கு (அத்தை வாக்குமூலம்). அப்போவெல்லாம் செட்டுக்கு பதினஞ்சு பாயிண்ட், அதுவும் சர்வீஸ் நம்ம கையில இருந்தாத்தான் பாயிண்ட். 25 பாயிண்ட், ஒவ்வொரு ராலிக்கும் ஒரு பாயிண்டுங்கறதெல்லாம் 1998க்கு அப்புறம் வந்தது. அத்தை இன்னமும் பதினஞ்சு வந்ததும் டிவியை ஆஃப் பண்ணப் போவாங்க.

டீம் மாவட்டப் போட்டிக்குப் போச்சு. அப்ப தென்னாற்காடு மாவட்டம், போட்டி விழுப்புரத்துல, ரெண்டு ராத்திரி தங்கணும். ஃபார்ம்ல அப்பா கையெழுத்து வேணும். தாத்தா போடல. பி.டி. டீச்சரே குவார்ட்டர்ஸுக்கு வந்து கேட்டாங்களாம். தாத்தா டீச்சருக்குக் காபி கொடுக்கச் சொன்னார், மரியாதையாப் பேசினார், கையெழுத்து மட்டும் போடல. "பொம்பளப் புள்ள வெளியூர்ல ராத்தங்கினா நாளைக்கு ஷிப்ட்ல நாலு பேரு கேப்பான் டீச்சர்."

தாத்தாவைத் திட்ட எனக்கு மனசு வரல. அந்த 'நாலு பேரு' நிஜமாவே இருந்தாங்க. எங்க ஊரு அமைப்பே அப்படி. நேர்கோட்டு ரோடு, ராத்திரி பூரா தெருவிளக்கு, வட்டத்துக்கு வட்டம் மரம், ஸ்கூலுக்குள்ள பெரிய கிரவுண்டு. சுத்து வட்டாரத்துல வேற எந்த ஊர்லயும் ஒரு பொண்ணு சாயங்காலம் ஆறரைக்கு தனியா சைக்கிள்ல வீடு திரும்பியிருக்க முடியாது, நெய்வேலில முடிஞ்சது. எப்படின்னா, எதிர்ல வர்ற ஒவ்வொருத்தரும் அப்பாவோட வேலை பார்க்கறவர். அதே காரணத்தாலதான் விழுப்புரம் போக முடியல. பாதுகாப்பும் காவலும் ஒரே ஆளுங்க கிட்டதான் இருந்துச்சு.

அத்தை இல்லாம டீம் போய் முதல் ரவுண்டுல தோத்து வந்தது. அத்தை பந்தை அதுக்கப்புறம் தொடல. யாரும் தடுக்கல, அவங்களே தொடல.

அந்த டீம்ல அத்தைகூட ஆடின ஒருத்தங்க பின்னால ரயில்வேல வேலைக்குப் போயிட்டாங்க. இதை அத்தை சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். இந்தியாவுல பெண்கள் வாலிபாலே வேலையோட ஒட்டிக்கிட்டு வளர்ந்ததுதான். தேசியப் போட்டின்னாலே ரயில்வேஸா கேரளாவாங்கற சண்டைதான். கேரளாவுல மின்சார வாரியத்துக்கே பெண்கள் டீம் உண்டு, நம்ம பக்கம் தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். நூல் மில்லும் மின்சார வாரியமும் ஒரே கதைதான். வாலிபாலுக்கு அர்ஜுனா விருது 1961லயே நம்ம ஏ.பழனிசாமிக்குக் கிடைச்சது. அந்தப் பட்டியல்ல பெண் பேரு வர 1973 ஆச்சு, ஜி.மாலினி ரெட்டி. அடுத்து 1975ல கே.சி.ஏலம்மா. 2019ல புரோ வாலிபால் லீக்னு ஆரம்பிச்சாங்க, 2022ல பிரைம் வாலிபால் லீக். ரெண்டும் ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் நடந்துச்சு. அதனால பொண்ணு வாலிபால்ல சேர்றான்னா, ஏதோ ஒரு மூலையில அது வேலைக்கான விண்ணப்பமும்தான். அக்கா இதை நேரடியாவே கேட்டா: "ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமாடா?" பாப்பா கேட்டது வேற: "மாமா, ஜம்ப் ஹைட் ஏத்த என்ன சாப்பிடணும்?"

பெண்களுக்கு நெட் உயரம் 2.24 மீட்டர். ஆண்களுக்கு 2.43. வித்தியாசம் வெறும் பத்தொன்பது சென்டிமீட்டர்.

ரெண்டு நாள் கழிச்சு நானே போன் பண்ணினேன். அக்கா கையெழுத்து போட்டுட்டா. எப்படின்னு கேட்டா, ஃபார்ம் ரெண்டு நாளா ஃப்ரிட்ஜ் மேலயே கிடந்திருக்கு. ஞாயித்துக்கிழமை வடலூர்லேர்ந்து அத்தை வந்திருக்காங்க. ஒண்ணும் சொல்லல, அட்வைஸ் எல்லாம் பண்ணல. ஃபார்மை எடுத்து ரெண்டு தடவை படிச்சாங்களாம். "பேனா எங்கடி வெச்சிருக்க?"ன்னு கேட்டு, எடுத்து அக்கா கையில கொடுத்துட்டு, பக்கத்துலயே நின்னாங்களாம்.

டீம்ல பதினாலு பொண்ணுங்க. பாதிப் பேரு மந்தாரக்குப்பம் பக்கத்துலேர்ந்து வர்றவங்க, கான்ட்ராக்ட் வேலை பார்க்கறவங்க வீட்டுப் பிள்ளைங்க. அஞ்சரைக்கு கிரவுண்டுல நிக்க அவங்க நாலரைக்குக் கிளம்பணும். பாப்பாவுக்கு ரெண்டு தெரு தள்ளிதான் கிரவுண்டு, அவதான் தினமும் லேட்டாம்.

நேத்து வாட்ஸப்புல அக்கா ஒரு வீடியோ அனுப்பினா. குவார்ட்டர்ஸ் வாசல், மாமரம். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நிக்கறாங்க, அறுபதை நெருங்கற வயசு, மூட்டு வலி வேற. ரெண்டு கையையும் நெத்திக்கு மேல தூக்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து முக்கோணம் மாதிரி பிடிச்சுக் காட்டறாங்க. "உள்ளங்கைல படக்கூடாதுடி. விரல் நுனி. சத்தமே வரக்கூடாது." பாப்பா பந்தைத் தூக்கிப் போடறா. அத்தை திருப்பி அனுப்பறாங்க.

சத்தம் வரல.