ஓரிரவுக்கு ஓர் ஊர்: ஸ்பெஷல் நாடகப் பபூனின் பயணமும் நகைச்சுவை வடிவமும்

ஆய்வுச் சுருக்கம்

ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் எனப்படும் நகைச்சுவை நடிகரின் மேடைக்கூறுகளைக் கலைச்சரிவு, கொச்சை என்னும் அளவுகோல்களால் மதிப்பிடுவது தமிழ் நாடக வரலாற்றெழுத்தில் வழக்கமாக உள்ளது. நடிகர்கள் தனித்தனியே ஓரிரவு ஒப்பந்தத்தில் ஊர்தோறும் செல்லும் பயணமுறையே அக்கூறுகளை உருவாக்கியது என்பது இக்கட்டுரையின் கருத்து. அந்தச் சாலை பபூனுக்கும் அவருடன் ஆடும் நடிகைக்கும் ஒரே சாலையாக இருக்கவில்லை என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்பெஷல் நாடகம், பபூன், கம்பெனி நாடகம், பயணம், நடிகையர், மதுரை

முன்னுரை

ஸ்பெஷல் நாடக நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுப்பவர் கண்ணில் முதலில் படுவன நடிகர்களின் புகைப்படங்கள். அடுத்துப் படுவன ஊர்ப்பெயர்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் மற்றோர் ஊர் என ஒவ்வொருவர் பெயருக்கு முன்னும் அவரவர் ஊர் அச்சிடப்பட்டிருக்கும். நாடகத்தின் பெயர் பெரும்பாலும் எல்லோரும் அறிந்ததே; வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். இன்றிரவு எந்த ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்பதே நோட்டீஸ் தரும் புதிய செய்தி. ஆகவே ஸ்பெஷல் நாடகம் என்பது, வெவ்வேறு திசைகளிலிருந்து புறப்பட்ட சில பயணங்கள் ஓரிரவு ஒரு கோயில் திடலில் சந்திக்கும் நிகழ்வு எனலாம்.

இந்நாடகத்தைப் பற்றிய ஆய்வுகள் பனுவலையும் பாடலையும் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ஆளுமையையும் விரிவாகப் பேசியுள்ளன. சுவாமிகளின் பனுவலில் இடம்பெறாத பபூன் பகுதி அவற்றில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அவ்வரிகளும் பெரும்பாலும் கண்டன வரிகளே. பனுவலை மட்டும் நோக்கும் ஆய்வுக்குப் பபூன் ஓர் இடைச்செருகலாகத் தோன்றுவது இயல்பு. பயணத்திலிருந்து நோக்கினால் அவரே இவ்வமைப்பின் மையத்தில் நிற்கிறார்.

கம்பெனியின் பயணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தமிழ்ப் பகுதிகளில் இயங்கிய நாடகக் கம்பெனிகளும் பயணம் செய்தவையே. எனினும் அவை ஒரு வீடு நகர்வதைப் போல நகர்ந்தன. திரைகள், உடைப் பெட்டிகள், சமையல் பாத்திரங்கள், வாத்தியார், சிறுவர்கள் என அனைத்தும் ஒன்றாக ரயிலேறி ஓர் ஊரில் இறங்கும். கொட்டகையில் பல வாரங்கள், சில ஊர்களில் மாதக்கணக்கில், நாடகங்கள் மாறிமாறி நடைபெறும். வசூல் குறைந்ததும் அடுத்த ஊர். டி.கே.சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ (1972) இத்தகைய வாழ்வின் விரிவான ஆவணமாகும். ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தினாலே அந்நூலின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

இந்தக் கூட்டு வாழ்வில் நகைச்சுவை நடிகருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. உடன் நடிப்பவர் யார் என்பது அவருக்குத் தெரியும், நேற்றுச் சிரிக்கவைத்த ஒரு சொல்லை இன்று சீர்செய்யலாம், ஒத்திகையில் சோதிக்கலாம். 1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் பயின்று ‘மேனகா’ (1935), ‘சதிலீலாவதி’ (1936) ஆகிய படங்களின் வழியே திரைக்குச் சென்றவர். அவரது நகைச்சுவையில் காணப்படும் கட்டுக்கோப்புக்கு இக்கம்பெனி வாழ்வு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. மதுரையில் 1918-இல் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற சிறுவர் குழுக்களைச் சங்கரதாஸ் சுவாமிகள் நாடியதற்கு, வயதுவந்த நடிகர்கள் பனுவலுக்குக் கட்டுப்படாமையே காரணம் என்பது நாடக வரலாற்றில் தொடர்ந்து சொல்லப்படும் செய்தி. சிறுவர் குழுக்கள் மறைந்துபோயின. சுவாமிகளின் பாடல்களை இன்றுவரை இரவுதோறும் பாடிக் காப்பவர்கள், கட்டுப்பாடற்றவர்கள் என அன்று ஒதுக்கப்பட்ட ஸ்பெஷல் நடிகர்களின் வழிவந்தோரே. இம்முரண் போதிய கவனம் பெறவில்லை.

ஓரிரவு ஒப்பந்தம்

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, இயக்குநரும் ஒத்திகையும் இல்லை. விழா எடுக்கும் ஊரார் ஏஜென்ட் வழியாகவோ நேரடியாகவோ ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே ஒரு தேதிக்குப் பேசி முன்பணம் தருவர். திரைகளும் ஒலி, ஒளி அமைப்பும் தனித்தனியே வாடகைக்கு வரும். எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் புகழின் உச்சியில் நின்ற காலத்திலேயே இம்முறை வேரூன்றியிருந்தது. 1926-இல் இலங்கையில் இருவரும் மேடையில் இணைந்தது இம்முறை கடல் கடந்தும் செயற்பட்டதற்குச் சான்று. ஆனால் அது நட்சத்திரங்களின் ஸ்பெஷல். பேசும்படம் 1931-இல் வந்து நகரக் கொட்டகைகளை ஒவ்வொன்றாகத் தனதாக்கிக்கொண்டபின், எஞ்சிய நாடகம் சிற்றூர்களின் மாரியம்மன், ஐயனார், விநாயகர் கோயில் விழாக்களை நோக்கித் திரும்பியது. நகரத்தில் ரசிகன் நாடகத்தைத் தேடி வந்தான். சிற்றூரில் நடிகன் ரசிகனைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

இம்மாற்றத்தைச் சாத்தியமாக்கியது பேருந்து. ரயில் கம்பெனிக்கு உரியது. அது பெட்டிகளைச் சுமக்கும், ஆனால் ஐயனார் கோயில் வரை போகாது. மதுரை வட்டாரத்தில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1910-களில் தொடங்கிய பேருந்துத் தொழிலும், அதனைத் தொடர்ந்த தனியார் வண்டிகளும், 1972-இல் உருவான பாண்டியன் போக்குவரத்துக் கழகமும் சிறுநகரங்களையும் சிற்றூர்களையும் இணைத்தன. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் போன்ற பேருந்து கூடும் ஊர்களிலேயே நடிகர் சங்கங்கள் நிலைபெற்றன என்பது தற்செயலன்று. நடிகர் குடியிருக்கும் ஊர், மாலையில் புறப்பட்டு இரவுக்குள் பல திசைகளிலும் உள்ள சிற்றூர்களை அடையத்தக்க ஊராக இருத்தல் வேண்டும். பங்குனி முதல் ஆடி வரையிலான விழாக் காலத்தில் இன்று ஓர் ஊர், நாளை எதிர்த்திசையில் மற்றோர் ஊர் எனச் செல்பவருக்கு வீடு என்பது பகலில் உறங்குமிடம் மட்டுமே.

தோளில் தொங்கும் ஒரு பை. அதில் ஒப்பனைப் பொருள்கள், ஓரிரு உடைகள். பெருவழியில் இறங்கி, ஊருக்குள் போக வண்டி தேடும் நேரத்தில் தேநீர்க் கடையில் கேட்கும் பேச்சே பபூனுக்கு அவ்வூரைப் பற்றிய முதல் பாடம்.

மேடைமேல் சாலை

இரவு பத்து மணியளவில் ஆர்மோனியக்காரரின் பாடலோடு நாடகம் தொடங்க, முதலில் மேடையேறுபவர் பபூன். கதை இன்னும் தொடங்கவில்லை. எதிரே அமர்ந்திருப்போர் அவர் இதற்குமுன் காணாதவர்கள். சிலர் இன்னும் வந்துகொண்டிருப்பவர்கள். அவருக்குத் துணை ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் ஆகியவற்றைக் கையாளும் இசைக்கலைஞர்கள் மட்டுமே. சில மணி நேரத்துக்கு முன்புதான் அவ்வூர் மண்ணை மிதித்த ஒருவர், தெய்வத்தின் பெயரையும் விழாக்குழுவினரையும் முறைபிறழாமல் சொல்லி வாழ்த்தி, அன்பளிப்புத் தந்தோரை அறிவித்து, அதன்பின் சிரிக்கவைக்க வேண்டும். தெருக்கூத்தின் கட்டியங்காரனோடு பபூனை ஒப்பிடுவது ஆய்வாளர் வழக்கம். ஒப்புமை உண்டு. ஆனால் கட்டியங்காரன் தன் குழுவோடு வருபவன். பபூன் தனியே வந்திறங்கியவர். கட்டியங்காரனின் உரையாடல் கதைக்குள் இட்டுச்செல்வது. பபூனின் தனியுரை அந்நியன் ஒருவன் ஓர் ஊருக்குள் இடம்பெறும் சடங்கு.

நகைச்சுவைத் துணுக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன, கற்பனை வறட்சி மிக்கவை என்னும் குற்றச்சாட்டை இவ்விடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து மேடைக்கு வரும் நடன நடிகையைப் பபூன் அன்றைய மாலையே சந்தித்திருக்கலாம். ஒத்திகை இல்லாத இடத்தில் இருவருக்கும் பொதுவான சொத்து, இருவரும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு துணைகளோடு நடித்துப் பழகிய துணுக்குகளே. பழையன என்பதால்தான் அவை பயன்படுகின்றன. புதுமை விரும்பும் பபூன், தன்னோடு ஆடுபவரைத் திகைப்பில் ஆழ்த்தும் அபாயம் உண்டு. எனவே மாற்றங்கள் துணுக்கின் இடைவெளிகளில், ஒரு பதிலின் தொனியில், இசைக்கலைஞரை நோக்கிய ஒரு கேள்வியில் நிகழ்கின்றன. கர்நாடக இசையில் இத்தகைய நுண்மாற்றத்தை மனோதர்மம் என்று போற்றும் புலமையுலகம், பபூனிடம் அதனையே சோம்பல் என்கிறது.

இனி, அந்த நடன நடிகையோடு நிகழும் இருவர் காட்சி. ஸ்பெஷல் நாடகத்தைக் களஆய்வு செய்த சூசன் சைசர், 2005-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இக்காட்சியை நுணுக்கமாகப் பகுத்துள்ளார். அதன் கூறுகளுள் பயணத்தோடு நேரே தொடர்புடையது அதன் களம். இளம்பெண் ஒருத்தி பொதுவழியில் ஆடி வருகிறாள், எதிரே வரும் ஆடவன் மீது மோதல், யார் யாரை இடித்தது என்று சச்சரவு, போட்டி, இறுதியில் காதல். அரண்மனையிலும் வனத்திலும் நிகழும் புராண நாடகத்தின் வாயிலில், புராணத்தில் இடமில்லாத ஒரு சாலை போடப்படுகிறது. முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் வழியில் எதிர்ப்படுதல் என்பது, அன்றிரவு அம்மேடைக்கு வந்துசேர்ந்த இரு கலைஞர்களின் உண்மை நிலையும்கூட. அவர்களுடைய தொழில்முறையே அவர்களுடைய நகைச்சுவைக்குப் பொருளாகிவிடுகிறது.

நடிகையின் சாலை

இவ்வளவோடு நிறுத்தினால் கட்டுரை பபூனின் புகழுரையாகிவிடும். அந்த மோதல் காட்சியின் நகைச்சுவை, தனியே வழியில் வரும் பெண் எளிதில் அணுகத்தக்கவள் என்னும் பொதுக்கருத்தின்மீது எழுப்பப்பட்டது. பபூன் அக்கருத்தைப் பேசிச் சிரிக்கவைக்கிறார். நாடகம் முடிந்ததும் அவர் முதல் பேருந்தில் ஏறி, விரும்பினால் தன்னை அடையாளம் காட்டிக்கொண்டு, ஓட்டுநரோடும் நடத்துநரோடும் பேசிக்கொண்டு வீடு திரும்பலாம். அவருடன் ஆடிய நடிகைக்கு அது இயலாது. சற்றுமுன் மேடையில் சிரிப்புக்குள்ளான ‘வழியில் வரும் பெண்’ணாகவே அவர் இப்போது அதே வழியில் நிற்க நேர்கிறது.

1990-களின் தொடக்கத்தில் தாம் கண்டவற்றைக் கொண்டு சைசர் விவரிக்கும் நடிகையரின் பயண உத்திகள் இதனாலேயே முக்கியமானவை. பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பதைத் தவிர்த்தல், சிலர் சேர்ந்து வேன் அமர்த்துதல், உறவினர் ஒருவரைத் துணைக்கு அழைத்தல், குடும்பப்பெண் என்று மட்டுமே அறியத்தக்க அடக்கமான உடையும் நடையும், சென்ற ஊரில் வெளியே நடமாடாதிருத்தல் என அவர்கள் பொதுவெளிக்குள் ஒரு நகரும் வீட்டை அமைத்துக்கொள்கின்றனர். மேடையில் புகழ் தேட வேண்டிய தொழில், சாலையில் முகத்தை மறைக்கச் சொல்கிறது. பபூனுக்கு மேடைப்பெயரே முகவரி. நடிகைக்கு அது ஒரு சுமை.

‘கூத்தாடி’ என்னும் இழிவு இருவருக்கும் பொதுவானதே. வாடகைக்கு வீடு கிடைப்பதிலிருந்து பிள்ளைகளின் திருமணம் வரை அது தொடரும். தனித்தனி ஒப்பந்தம் சாதி விலக்கத்துக்கும் வழிவிட்டது. விடுதலைப் பாடல்களுக்காகப் பலமுறை சிறை சென்ற விஸ்வநாததாஸுடன் நடிக்கச் சிலர் சாதி காட்டி மறுத்தமை பதிவாகியுள்ளது. ஆயினும் ஆண் நடிகர் அந்த இழிவைத் தன் தனியுரையில் நகைச்சுவையாக்கிக் கைகழுவ முடிந்தது. நடிகைக்கு அத்தகைய தனியுரை வழங்கப்படவில்லை. முதலில் பேசும் உரிமை பபூனுக்கே என்னும் இரவுநிரலின் ஒழுங்கை ஆய்வுகள் இயல்பானதாகவே எடுத்துக்கொண்டுள்ளன. அது அதிகாரத்தின் ஒழுங்கும் ஆகும்.

விடியும் வரை

இரவு முழுதும் நாடகம் நடப்பதற்குக் கோயில் மரபு, கதையின் நீளம் ஆகியன காரணமாகக் கூறப்படுகின்றன. போக்குவரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பேருந்தில் வந்தவர்கள் முதல் பேருந்து வரை எங்கேனும் இருந்தாக வேண்டும். நடிகர்க்கு மட்டுமன்றி அயலூர்ப் பார்வையாளர்க்கும் இது பொருந்தும். கதை விடியலில் முடிவதற்கும் சாலையில் வண்டி தொடங்குவதற்கும் உள்ள பொருத்தம் நெடுங்காலம் யாரும் திட்டமிடாமலே நிலைத்தது. கதை தொடங்கியபின்னும் பபூனும் நடன நடிகையும் சிறு வேடங்களிலும், கணவன் மனைவி சண்டையான ‘அடிபிடி’ போன்ற நகைச்சுவைப் பகுதிகளிலும் மீண்டும் வந்து, உறங்கத் தொடங்கிய கூட்டத்தை எழுப்புவர்.

அரசின் கட்டுப்பாடு நெடுநாள் பனுவலை நோக்கியதாக இருந்தது. 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டமும், அதன்வழியில் சென்னை மாநிலம் இயற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் என்ன பேசப்படுகிறது என்பதையே கேட்டன. எழுதப்படாத பபூன் உரை அவற்றின் கண்ணில் எளிதில் சிக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் கேட்பது வேறு: எத்தனை மணி வரை? இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். பபூன் மேடையேறும் நேரமே தடை தொடங்கும் நேரம். விதியை எழுத்துப்படி நடைமுறைப்படுத்தினால், இரவுநிரலில் சுருங்கத்தக்க பகுதி பனுவல் இல்லாத பகுதியே. வள்ளியும் வேலனும் சந்திக்காமல் வள்ளி திருமணத்தை முடிக்க முடியாது, சாலையில் இருவர் மோதாமலே முடித்துவிடலாம். அவ்வாறு பன்னிரண்டு மணிக்கு மங்களம் பாடினால், முதல் பேருந்துக்கு இன்னும் நான்கைந்து மணி நேரம் இருக்கும்.