மூணாவதும் மூன்று மாவட்டங்களும்

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் கடல் இருந்தது. ஊரிலிருந்து எத்தனை மைல் நடந்தாலும் அலை கண்ணில் படாது. ஆனாலும் புத்தகத்தில் இருந்தது. ஜில்லா பூகோளம் என்று மூணாவதுக்கு ஒரு பாடம். முதலில் எல்லைகள், பிறகு ஆறுகள், மலைகள், தாலுகாக்கள், விளைபொருள்கள், ரயில் போகும் ஊர்கள். எங்கள் அப்பா 1943 வாக்கில் மூணாவது படித்தவர். தென்னாற்காடு ஜில்லாவின் எட்டுத் தாலுகாக்களையும் எழுபது வயதில்கூட ஒரே மூச்சில் சொல்வார்: கூடலூர், சிதம்பரம், விருத்தாசலம், திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி, திருக்கோயிலூர், கள்ளக்குறிச்சி. "கிழக்கே வங்காள விரிகுடா" என்று ஆரம்பிக்கும்போது குரல் கொஞ்சம் கணீரென்று ஏறும். அவர் கடலை நேரில் பார்த்தது கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கச்சிராயபாளையம் பக்கம் கீழ்நாட்டில் பாதிக் காலம், கல்வராயன் மலைமேல் மீதிக் காலம். அதிகமாக எடுத்தது மூணாவதுதான். ஒண்ணாவதுக்குப் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் அழுகை நின்றால் போதும் என்பார்கள். அஞ்சாவது வந்துவிட்டால் அடுத்த பள்ளிக்கூடம் எது என்ற யோசனை. மூணாவதில்தான், "என்ன கத்துக்கிட்டான்?" என்று கணக்குக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது.

மன்றோ கவர்னராக இருந்தபோது 1822-இல் சென்னை மாகாணத்துப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். தென்னாற்காட்டில் 875 பள்ளிகள், சேலத்தில் 333 என்று கலெக்டர்கள் எழுதி அனுப்பினார்கள். எல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். அங்கே வகுப்புக்கு எண் கிடையாது. மணலில் விரல் வைத்து எழுத்து, பிறகு அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று ஓலைக்கு ஓலை போய்க்கொண்டே இருக்கும். ஒருவன் காணி, மா, கால், அரை என்று கீழ்வாய் இலக்கம் பார்த்துக்கொண்டிருப்பான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் இன்னும் மணலைக் கலைத்துக்கொண்டிருப்பான். அமாவாசை, பௌர்ணமி, அட்டமிக்கு லீவு. பெண்பிள்ளைகளுக்கும் சேரிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடம் அரிது. திண்ணைப் பள்ளியைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியிலாவது சொல்லலாம். வகுப்புக்கு எண் போட்டது பின்னால் வந்த இன்ஸ்பெக்டர்கள். பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்குத் தக்க மானியம் என்று சர்க்கார் பணம் கொடுக்க ஆரம்பித்ததும், பிள்ளைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்பா படித்தது ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடம். மூணாவது முடித்ததும் நிறுத்திவிட்டார்கள். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வீட்டில் எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது: கர்ணம் கொடுக்கும் வரி ரசீதில் எந்தச் சர்வே நம்பர், எவ்வளவு கட்டியிருக்கிறது என்று படிக்க வேண்டும், சிங்கப்பூரிலிருந்தோ மெட்ராஸிலிருந்தோ கார்டு வந்தால் வாசித்துச் சொல்ல வேண்டும், புரோநோட்டில் இருநூறு என்று எழுதியிருக்கிறதா, ஆயிரத்து இருநூறா என்று பார்த்த பிறகுதான் தாத்தா கைநாட்டு வைக்க வேண்டும். எட்டு வயதுப் பையன் விளக்கு வெளிச்சத்தில் புரோநோட்டு வாசிக்க, எதிரே கடன் கொடுத்தவர் வெற்றிலை போட்டபடி காத்திருந்தாராம். அப்பாவுக்கு அதுதான் முழுப்பரீட்சை.

கணக்கும் அப்படித்தான். மூட்டை 3 ரூபாய் 11 அணா 9 பை, ஏழு மூட்டைக்கு எவ்வளவு என்று வாத்தியார் கேட்பாராம். பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். ஒன்பதேழு அறுபத்து மூன்று பை. அதில் ஐந்து அணா போக மூன்று பை நிற்கும். பதினோரேழு எழுபத்தேழு, ஐந்து சேர்த்தால் எண்பத்திரண்டு அணா. அது ஐந்து ரூபாய் இரண்டு அணா. மூவேழு இருபத்தொன்றும் ஐந்தும் இருபத்தாறு. ஆக 26 ரூபாய் 2 அணா 3 பை. இதை அப்பா பலகை இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து இந்த வித்தை ஒரே நாளில் பழசாகிப்போனது. வாய்ப்பாட்டை இன்னும் பதினாறு வரைக்கும் ஒப்பிக்கச் சொல்கிறோமே, அது அந்தப் பதினாறு அணாவின் மிச்சம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்பாவாவது மூணாவதை எட்டினார். 1929-இல் ஹார்டாக் குழு கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது: 1922-23-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் முதல் வகுப்பிலிருந்த நூறு பிள்ளைகளில், 1925-26-இல் நாலாம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர். மற்றவர்கள் நடுவிலேயே மாடு மேய்க்கவும் தம்பியைத் தூக்கவும் போய்விட்டார்கள். இதை விரயம் என்று எழுதினார்கள். ரசீது படிக்கத் தெரிந்தவனை விரயக் கணக்கில் சேர்ப்பதா என்று தாத்தா கேட்டிருப்பார். அவர் காதுக்கு அறிக்கை எட்டவில்லை.

சித்தப்பாவின் மூணாவது வேறு மாதிரி. 1953 ஜூனில் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்றார். குலக்கல்வி என்று ஊரெல்லாம் எதிர்ப்பு. காமராஜர் முதலமைச்சரானதும் 1954 மே மாதம் அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு கல்வியாண்டுதான். அந்த ஒரு ஆண்டில் சித்தப்பா மூணாவதில் இருந்தார். "எனக்கு எல்லைகளும் ஆறுகளும் மட்டும்தான் தெரியும், தாலுகா வரதுக்குள்ள வருஷம் முடிஞ்சுபோச்சு" என்பார். ஆனால் கடலை வண்டி ஓட்ட நன்றாகக் கற்றுக்கொண்டார்.

இவ்வளவும் கீழ்நாட்டுக் கதை. அதே ஜில்லா பூகோளத்தில் மலைகள் என்ற தலைப்பில் கல்வராயன் ஒரு வரியாக வரும். கோமுகியும் மணிமுத்தாறும் அங்கே உற்பத்தியாகின்றன. கடுக்காய், தேன், மரம் கிடைக்கும். மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அப்பாவுக்கு அந்தப் பாடம் சொல்லித்தரவில்லை. கடுக்காய் மூட்டையோடு சந்தைக்கு இறங்கி வருகிறவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மலை அப்போது ஜாகிர். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்கள். கிருஷ்ணதேவராயர் காலத்திலிருந்து வருகிற உரிமை என்று சொல்லிக்கொள்வார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரியும் கொடுத்து, கூலியில்லாமல் உழைத்தும் கொடுத்தார்கள். நாடு விடுதலையாகிக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, எமர்ஜென்சியின்போது, 1976-இல்தான் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நான் மூணாவது படித்தது 1973. நான் தென்னாற்காடு மாவட்டத்தின் எல்லைகளை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையில் ஜாகிர் நடந்துகொண்டிருந்தது. அதைப் புத்தகமும் சொல்லவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை.

ஜாகிர் போன பிறகுதான் மலையில் அரசு அலுவலகங்களும், ரோடும், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் ஒவ்வொன்றாகப் பரவின. மலையில் மூணாவதுக்கு வேறொரு அர்த்தம் உண்டு. தானே குளித்து, துணி துவைத்து, தட்டுக் கழுவத் தெரிந்த வயது. அதுவரை பக்கத்து ஓராசிரியர் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், மூணாவதுக்குத்தான் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஹாஸ்டலில் கொண்டுவந்து விடுவார்கள். "எழுத்து வருதோ இல்லையோ, மூணு வேளை சோறு வரும் டீச்சரம்மா" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். கல்வித் துறையின் எந்தக் குறிக்கோள் பட்டியலிலும் இவ்வளவு தெளிவாக ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

தை பிறந்தால் வகுப்பு பாதியாகிவிடும். மரவள்ளியும் சாமையும் வீட்டுக்குப் போதாது. குடும்பம் மிளகு பறிக்கவும் காப்பி பறிக்கவும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கிளம்பிவிடும். கீழே கரும்பு வெட்டுக்கு இறங்குகிறவர்களும் உண்டு. ஹாஸ்டல் பிள்ளை தங்கும், வீட்டுப் பிள்ளை கூடவே போகும். பங்குனியில் திரும்பி வரும்போது மூன்றாம் பருவப் பாடம் முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2007-இல் செயல்வழிக் கற்றல் என்று மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியில் பிறந்த முறை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடத்திப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் என்றார்கள். ஒண்ணாவதிலிருந்து நாலாவது வரை பாயில் குழுவாக உட்கார்ந்து, எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி பார்த்து, அவரவர் அட்டையை எடுத்துப் படிக்க வேண்டும். கீழ்நாட்டுப் பெற்றோருக்கு ஒரே கோபம். "சீட்டாட்டம் மாதிரி கார்டு வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்று சண்டைக்கு வந்தார்கள். எங்கள் ஆசிரியர்களிலும் பலருக்குப் பிடிக்கவில்லை. பதிவேடு எழுதியே கை ஒடிந்தது. அதை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் மலையில் அது பொருந்தியது. தை மாதம் எந்த அட்டையில் விட்டுப் போனானோ, பங்குனியில் அதே அட்டையிலிருந்து தொடங்கலாம். யாரும் பின்தங்கியவன் என்று சொல்ல வழியில்லை. 875 திண்ணைகளில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான், பிரம்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால். 2012-இல் முப்பருவ முறை வந்தது, அட்டைகள் மெல்ல மெல்ல அலமாரிக்குப் போயின.

இதற்கிடையில் ஜில்லாவே மாறிவிட்டது. 1993 செப்டம்பர் 30-இல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. முதலில் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். 1997-இல் தலைவர்கள் பெயரை எல்லா மாவட்டங்களிலிருந்தும் எடுத்தபோது வெறும் விழுப்புரம். அப்போதெல்லாம் மூணாவது சமூக அறிவியல் புத்தகம் மாவட்டத்துக்கு ஒன்றாக வரும். நெய்வேலியும் சிதம்பரமும் எங்கள் பிள்ளைகளின் பாடத்திலிருந்து போயின. செஞ்சிக் கோட்டை தங்கியது. கடலும் தங்கியது, மரக்காணம் வழியாக. நான் பாடம் எடுத்தபோது, "நம்ம கடலு எங்க இருக்கு டீச்சர்?" என்று கேட்ட மலைப் பையனுக்கு வரைபடத்தில் வடகிழக்கு மூலையைக் காட்டினேன். "இம்மாந்தூரமா?" என்றான்.

2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கடல் போயே போய்விட்டது. செஞ்சியும் இல்லை. திருக்கோயிலூர் உலகளந்த பெருமாள் இருக்கிறார், சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன, புவிசார் குறியீடு வாங்கிய மரச்சிற்ப வேலை இருக்கிறது. பழைய புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த கல்வராயன்மலை இப்போது தனி வட்டம், வெள்ளிமலை அதன் தலைமையிடம். ஒரு மாவட்டப் பாடம் எழுத இதைவிட நல்ல சமயம் வராது. ஆனால் அதே வருஷம் வந்த புதிய புத்தகம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். எங்கள் மாவட்டத்துக்கென்று தனிப் பதிப்பு கிடையாது. மலையின் மேற்குப் பக்கம், கருமந்துறை, சேலம் மாவட்டத்திலேயே நிற்கிறது. வெள்ளிமலைப் பிள்ளையின் மாமன் வீடு அங்கே இருக்கும். மாமன் பிள்ளைக்கு வேறு கலெக்டர்.

இன்றைய மூணாவதில் வீட்டார் எதிர்பார்க்க வேண்டியதைக் கேட்டால் நான் சொல்வது இது. இரண்டாவது வரை சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருந்தது அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரியும். ஆக ஐந்து பாடம். கூட்டல் கழித்தலோடு பெருக்கல் வகுத்தல் சேரும். முக்கியமாக, அதுவரை எழுத்துக்கூட்டிய பிள்ளை இனி வாசித்துப் புரிந்துகொண்டு மற்றப் பாடங்களைப் படிக்க வேண்டும். அதனால்தான் தேசிய அடைவுத் தேர்வு 2017-இலும் 2021-இலும் முதல் நிறுத்தமாக மூணாவதைப் பிடித்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம், மூணாவதில் வாசிப்பு வராத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க 2002-இல் சட்டமே போட்டது. நல்லவேளை, இங்கே அது இல்லை. இருந்தால் மலையில் பாதி வகுப்பு நகராது.

இங்கே வந்தது எண்ணும் எழுத்தும். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில், ஒன்று முதல் மூன்று வரைக்கும் தொடங்கினார்கள். எட்டு வயதுக்குள் எல்லோரும் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. வாசிப்பு நிலையைப் பார்த்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம். வகுப்பு ஒன்றாக இருக்கும், நிலை வேறாக இருக்கும். அடுத்த ஆண்டு காலைச் சிற்றுண்டியும் வந்தது. கிச்சடி வாசனைக்கே வருகை கூடியது.

அந்தச் சமயம் ஒரு மலைக்காரர், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "ஏன் டீச்சரம்மா, எம்புள்ள மூணாவதா, அரும்பா?" என்று கேட்டார். மூணாவதுதான், வாசிப்பில் மொட்டு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மலரு எப்ப?" என்றார். பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டு மிளகு பறிக்கப் போனால் பங்குனிக்குள் ஆகிவிடும் என்றேன். ஆயா வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். போகும்போது ரேஷன் கார்டை எடுத்து, மகளை எல்லோர் பெயரையும் என் முன்னாலேயே வாசிக்கச் சொன்னார். நாலு பெயரில் ஒன்றில்தான் தடுமாறினாள். அது அவளுடைய அப்பன் பெயர். அதில் ஒரு எழுத்தைத் தாலுகா ஆபீஸில் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.