யானைக் காடும் பினாங்குக் குடிநீரும்

யானைக்கும் பினாங்குக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். இந்தத் தீவில் காட்டு யானை கிடையாது. ஆனால் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் யானைக் காட்டிலிருந்து வருகிறது. பினாங்கு குடிநீருக்காக எடுக்கும் ஆற்றுநீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றுத் தண்ணீர். அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். அங்கே யானைக் கூட்டங்கள் இன்றும் இருக்கின்றன.

கெடாவுக்கும் யானைக்கும் உள்ள உறவு பழையது. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த அந்த நாட்டுக்கு 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்கள் வந்தார்கள். சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் அவர்களில் முக்கியமானவர்கள். துணியை இறக்கிவிட்டு ஈயத்தையும் யானையையும் ஏற்றிச் சென்றார்கள். பாய்மரக் கப்பலில் யானையை ஏற்றி வங்கக் கடலைக் கடப்பதென்றால், நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது! அன்று யானை சுல்தானுக்குச் செல்வம்.

அது பகையானது பிரிட்டிஷார் காலத்தில்தான். 1894 செப்டம்பர் 17-ஆம் தேதி தெலுக் இந்தானுக்கு அருகே ஓர் ஆண் யானை தன் கூட்டத்தைக் காக்க ரயிலை முட்டித் தடம்புரள வைத்து உயிர்விட்டது. அதன் நினைவாக அங்கே ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. தண்டவாளத்துக்குப் பின்னால் ரப்பர் வந்தது, நம் மக்களும் வந்தார்கள். கன்றுகளை மிதித்த யானைக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு.

1956-இல் பெல்டா தொடங்கியது. நிலமற்ற ஏழைகளுக்குக் காட்டைத் திருத்தி நிலம் கொடுத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் செம்பனைக் கன்றின் குருத்து யானைக்கு விருந்து. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு போய்விடும். அந்தக் குடியானவர் யானையைத் திட்டினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வனவிலங்குத் துறை 1974-இல் வேறு வழி கண்டது. சுடுவதற்குப் பதிலாக யானையைப் பிடித்து, பழக்கிய கும்கி யானைகளின் துணையோடு தாமான் நெகாரா போன்ற பெருங்காடுகளில் விட்டார்கள். இப்படி 600-க்கும் மேற்பட்ட யானைகள் இடம் மாறின. பல உயிர்கள் பிழைத்தன, மறுக்கவில்லை. ஆனால் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டிக் கண்காணித்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: யானைக்கு அடர்ந்த காட்டைவிட வெளிச்சம் விழும் காட்டோரமே பிடிக்கிறது. புல்லும் மூங்கிலும் அங்கேதான் மிகுதி. தோட்டங்கள் இருப்பதும் அங்கேதான். பிடித்துக்கொண்டுபோய் விடுவதால் மட்டும் தீராத சிக்கல் இது.

2009 முதல் அரசு மின்வேலி போட்டு வருகிறது. கொடி படர்ந்தாலோ மரம் சாய்ந்தாலோ வேலி செத்துவிடும். தினமும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய தோட்டத்துக்கு அது சிறு செலவு. ஐந்தாறு ஏக்கர் வைத்திருப்பவருக்கோ கட்டுப்படியாகாது.

மூடா ஆற்று நீருக்குக் கெடா பணம் கேட்கிறது, பினாங்கு மறுக்கிறது. யார் சொல்வது சட்டப்படி சரி என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். காட்டை வெட்டாமல் வைத்திருந்தால் பினாங்குக்குத் தண்ணீர், கெடாவின் நெல் வயலுக்கும் தண்ணீர். யானையின் சேதம் மட்டும் சீக், பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர் தலையில். என்றைக்காவது இரு மாநிலங்களும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், அவருடைய வேலிக்கும் அழிந்த கன்றுக்கும் அதில் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும். உலு மூடாவில் மரம் வெட்டக் கூடாது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.