கதவிலக்கம் மாறிய அட்டை

என் பழைய கையடக்கக் கணினியில் அந்த அட்டையைச் செருகினேன். "படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யலாமா?" என்று கேட்டது. ஃபார்மட் என்றால் சிலேட்டைத் துடைப்பது. அட்டையிலோ, காலமாகிவிட்ட என் அத்தையின் குரல்! தம்பி மகன் பதிந்து கொடுத்தது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டேன்.

தூசியாக இருக்குமோ என்று மெல்லிய துணியால் துடைத்துப் பார்த்தேன். பயனில்லை.

குற்றம் தூசியினுடையதல்ல, சரித்திரத்தினுடையது. 1999-ல் மாட்சுஷிடா, ஸான்டிஸ்க், டோஷிபா மூவரும் கூடி, தபால்தலையளவு எஸ்.டி. அட்டையை அறிவித்தார்கள். அதன் எல்லை 2 ஜி.பி. படங்களும் பாட்டுகளும் பெருத்தன. 2006-ல், 32 ஜி.பி. வரை கொள்ளும் எஸ்.டி.எச்.சி. வந்தது. உருவம் அதுவே, கணக்குத்தான் வேறு. முன்னதில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவிலக்கம். பின்னதில் 512 பைட்டுகளுக்குச் சேர்த்து ஒன்று. புதிய கருவி பழைய அட்டையைப் படிக்கும். பழைய கருவிக்குப் புதிய அட்டையின் விலாசமே புரியாது. உருவத்தையாவது மாற்றித் தொலைத்திருக்கக் கூடாதா?

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தேன். மூலையில் பொடி எழுத்தில் 'எச்.சி.' என்றிருந்தது.

பேரனுடைய மடிக்கணினியில் போட்டோம்.

"ஏண்டா, சாப்பிட்டாயா?" என்றாள் அத்தை.